காலிப் பெட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இங்கே மொரீஷியஸில் எபெனில் வேலை, குவாத்ரு போர்னில் வீடு, சொந்த ஊர் மதுரை. நாலு வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

போன வாரம் மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். போர்ட் லூயிஸ் போய் ஒரு வீடியோ கேம் வாங்கிக் கொடுத்தேன். விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். காரிலேயே பிரித்துவிட்டான். உள்ளே தபால்தலை அளவில் ஒரு கார்டு, அவ்வளவுதான். புத்தகம் இல்லை, வரைபடம் இல்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வீட்டுக்கு வந்து செருகினால், விளையாட்டே அந்தக் கார்டில் இல்லையாம், டவுன்லோட் செய்துகொள்ள வேண்டுமாம்.

என் சின்ன வயதில் சிங்கப்பூர்ச் சித்தப்பா ஒரு கேம் கொண்டுவந்தார். பெட்டிக்குள் தடித்த கையேடு. கம்ப்யூட்டர் இருந்த வீட்டுக்குப் போக ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். "அன்றைக்குக் கம்பெனிக்காரனுக்கு வாங்குகிறவன் மேல் ஒரு மரியாதை இருந்தது, இன்றைக்குக் காசு மட்டும்தான்" என்று மகனிடம் புலம்பினேன். அவன், "அந்த புக்கை வச்சு என்னப்பா பண்ணுவீங்க?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருமா?

க.

அன்புள்ள க.,

மகன் கேட்டது நல்ல கேள்வி. மரியாதை விஷயத்தை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை.

அன்றைக்குக் கையேடு அச்சடித்தது மரியாதையால் அல்ல, இடம் போதாததால். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். உங்கள் வாட்ஸாப்பில் தினமும் வந்து விழும் "இனிய காலை வணக்கம்" ரோஜாப்பூப் படம் அதைவிடப் பெரியது. கதை, பாத்திரங்களின் பெயர், எந்தப் பொத்தான் எதற்கு என்பதையெல்லாம் வைக்க இயந்திரத்தில் இடமில்லை. மிச்சத்தைக் காகிதம் சுமந்தது.

இன்ஃபோகாம் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி, எழுத்தை மட்டும் வைத்தே விளையாட்டு செய்தவர்கள். 1982-ல் டெட்லைன் என்ற துப்பறியும் விளையாட்டைச் செய்தபோது, சாட்சிகளின் வாக்குமூலத்தையெல்லாம் டிஸ்க்கில் அடக்க முடியவில்லை. காகிதத்தில் அச்சடித்து, கொலை நடந்த இடத்தில் கிடைத்த மாத்திரைகள் என்று ஒரு சின்னப் பொட்டலமும் சேர்த்துப் பெட்டியில் போட்டார்கள். வாங்கியவர்களுக்கு அது பிடித்துப்போக, பிறகு அதுவே அவர்களுடைய அடையாளமாகிவிட்டது. 1984-ல் அவர்கள் போட்ட இன்னொரு விளையாட்டின் பெட்டியில் ஒன்றுமே இல்லாத பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. கண்ணுக்கே தெரியாத நுண்ணிய விண்கலப் படை அதற்குள் இருக்கிறதாம்! ஆக, காலிப் பையை விற்கும் வித்தை அன்றைக்கே இருந்தது. கூடவே சிரிக்கவும் வைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பொக்கிஷம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்த உபரிச் சாமான்களில் பாதி பூட்டுகள். 1989-ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்த எழுத்துள்ள குப்பியைக் குடிக்க வேண்டும். தப்பான குப்பியென்றால் உயிர் குறையும். அடுத்த வருடம் வந்த மங்கி ஐலண்டில் கடற்கொள்ளையர் முகங்களைப் பொருத்திப் பார்க்கும் அட்டைச் சக்கரம். அழகான சாமான்தான், ஆனால் அதன் வேலை காவல்காரன் வேலை. பிரதி எடுத்து விளையாடுகிறவனை வாசலிலேயே பிடிப்பது.

மெட்டல் கியர் சாலிட் (1998) இதை வேறு விதமாகச் செய்தது. கதையின் நடுவில் மெரில் என்ற பெண்ணுக்கு ரேடியோவில் பேச வேண்டும். அலைவரிசை சி.டி. பெட்டியின் பின்பக்கம் இருக்கிறது என்று ஒருவர் சொல்வார். நான் அந்த விளையாட்டை ஆடியது வெள்ளைக் காகித உறையில் வந்த இரவல் டிஸ்க்கில். பெட்டியா, அது எங்கே இருந்தது? விளையாட்டுக்குள் ஏதோ பெட்டி இருக்கிறது போல என்று இரண்டு நாள் அறை அறையாகத் தேடினேன். கடைசியில் எண்ணை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போனதில் 140.15-ல் அந்தப் பெண் குரல் கொடுத்தாள். அன்று ராத்திரி எனக்கு வந்த சந்தோஷம் பெட்டியைப் புரட்டிப் பார்த்தவனுக்கு வந்திருக்காது.

கையேடு ஏன் போனது என்பதில் பெரிய மர்மம் இல்லை. டிஸ்க்கில் இடம் பெருகியது. விளையாட்டே முதல் பத்து நிமிடம் கையைப் பிடித்து நடத்திச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. அச்சுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பதால், வெளியீட்டு நாளன்று விளையாட்டு ஒன்று சொல்லும், கையேடு வேறொன்று சொல்லும். ஐரோப்பாவுக்கு ஐந்தாறு மொழியில் அச்சடிக்க வேண்டும், அந்தச் செலவு வேறு. யூபிசாஃப்ட் என்ற விளையாட்டுக் கம்பெனி 2010 ஏப்ரலில் காகிதக் கையேட்டை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, ஒரு டன் கையேட்டுக் காகிதத்துக்கு 13 மரம் போகிறது என்று கணக்குச் சொன்னது. மரத்துக்காகத்தான் நிறுத்தினார்கள் என்று நம்ப நமக்கு வயது கொஞ்சம் அதிகம். அடுத்த வருடமே எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற இன்னொரு கம்பெனியும் பின்னால் வந்தது.

நடுவில் ஒரு கெட்ட காலமும் உண்டு. ஒரு மொழிக்கு நாலு பக்கம், அதில் இரண்டு பக்கம் வலிப்பு வரலாம் என்ற எச்சரிக்கை, கடைசியில் உத்தரவாத விதிகள். அதை நான் ஒரு நாளும் தேட மாட்டேன். அவற்றில் நாங்கள் செய்த ஒரே வேலை, தமிழ் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது. சிரிக்காதீர்கள். மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது இயல்பான எதிர்பார்ப்புதான். 1998-ல் புதுத் தாளில் மொழி வரிசையில் தமிழின் இடம் மாறியதும் இங்கே எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். நீங்கள் வருவதற்கு முந்தைய கதை.

இனி உங்கள் மகன் கேள்வி.

அப்பா தமிழாசிரியராக இங்கே வந்தவர், எங்கள் வீடு ரோஸ் ஹில்லில். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தைப்பூசக் காவடி பார்க்க லண்டனிலிருந்து வந்த மாமா, ஒரு நின்டெண்டோவும் மாரியோவும் கொண்டுவந்தார். எங்கள் டி.வி. பழைய பிரெஞ்சு செட். அந்தக் காலத்தில் மொரீஷியஸில் ஒளிபரப்பு செக்காம் என்ற பிரெஞ்சு வண்ண முறை, இங்கிலாந்திலிருந்து வந்த விளையாட்டுப் பெட்டியோ பால் (PAL) என்ற வேறு முறை. இரண்டும் சேரவில்லை. படம் வந்தது, நிறம் வரவில்லை, பாட்டோடு "உஸ்ஸ்" என்று இரைச்சல். நான் முதலில் ஆடிய மாரியோ சாம்பல் நிறம். தொப்பி சிவப்பு என்பது பெட்டியின் அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

எதிர்வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன். ஐந்தாறு தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம், வீட்டில் கிரியோல்தான் பேச்சு, பிரெஞ்சிலிருந்து வந்த இந்த ஊர் மொழி. அவன் பாட்டிக்குத் தமிழ் என்று தெரிந்தது சாமி பெயர்களும் சில பலகாரங்களும். நாங்கள் "மாரியோ, மாரியோ" என்று கத்துவதைக் கேட்டு ஒரு நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எந்த மாரியம்மன் என்று நினைத்தாரோ.

அப்பா ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் டி.வி.யைக் கொடுப்பார். அதில் அவனுக்குக் கால்மணி கிடைத்தால் பெரிது. அவன் வீட்டில் விளையாட்டுப் பெட்டி கிடையாது. ஆகவே அவன் என்னிடம் கேட்டது கையேட்டை. பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு போய் ஒரு மாதம் திருப்பித் தரவில்லை. இங்கிலீஷ் அவனுக்கு வராது, எனக்கும் பாதிதான் புரியும். பஸ்ஸில் நான் கூட்டிக் கூட்டிப் படித்து அவனுக்குக் கிரியோலில் சொல்ல வேண்டும்.

அப்படிப் படித்ததில் ஒரு வரி வந்தது. காளான் நாட்டு மக்களையெல்லாம் அந்தப் பொல்லாத ஆமைக்கூட்டம் மந்திரத்தால் கல்லாகவும் செங்கல்லாகவும் மாற்றிவிட்டது என்று. திரையில் இது எங்கேயும் வராது. கையேட்டில் மட்டும்தான். அவன் பஸ்ஸில் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ நாம தலையால முட்டி உடைக்கிற செங்கல்?" என்று கேட்டான். எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து அவன் முறை வந்தால் காளானைத் தொட மாட்டான். காளானைத் தின்றால்தான் மாரியோ பெரியவனாவான், பெரியவனானால்தான் செங்கல் உடையும். சின்ன மாரியோவாகவே, ஒரு அடி பட்டால் போச்சு என்ற நிலையிலேயே, ஒரு செங்கல்லையும் உடைக்காமல் ஆடுவான். கால்மணி நேரம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் கையேட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவான்.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் புக்கை வைத்து, விளையாட்டு இல்லாத பையனுக்கு இரவல் கொடுக்கலாம். டி.வி. என் வீட்டில், அப்பாவின் கட்டுப்பாட்டில். அந்த இருபத்துச் சொச்சம் பக்கம் மட்டும்தான் தெருவைத் தாண்டிப் போகும். பெட்டிக்குள் எது குறைந்துபோனதற்கும் நான் பெரிதாக வருத்தப்படவில்லை, இதற்கு வருத்தப்படுகிறேன். இப்போது விளையாட்டே கார்டில் இல்லை என்கிறீர்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு 2025 முதல் வருகிற கேம்-கீ கார்டுதான் அது. வெறும் சாவி. அதையாவது நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். ஆனால் வகுப்பில் டெஸ்க்குக்கு அடியில் வைத்துப் படிக்க அதில் என்ன இருக்கிறது?

அந்த அனுபவம் கொஞ்சமாவது அவனுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் டியூனிக் (2022) வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நரிக்குட்டி கையேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். பெரும்பகுதி யாருக்கும் தெரியாத ஓர் எழுத்தில் இருக்கும், படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். கூடவே உட்காருங்கள், தனியாக விடாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று என் கையேட்டைத் தேடி எடுத்தேன். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிட்டது. கட்டுப்பாட்டுக் கருவியின் படம் உள்ள பக்கத்தில் அவன் பென்சிலால் எழுதியது இன்னும் இருக்கிறது. கிரியோலை அப்போது எங்களுக்கு எந்தப் பள்ளியிலும் எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழ் வகுப்பில் கற்ற எழுத்தில் எழுதியிருக்கிறான். ஏ பொத்தானுக்குப் பக்கத்தில் "சோத்தே", குதி. பி பொத்தானுக்குப் பக்கத்தில் "கலுப்பே", ஓடு. "ப்"புக்குப் புள்ளி வைக்க மறந்து, பிறகு ஞாபகம் வந்து அழுத்தி வைத்ததில் தாள் ஓட்டையாகியிருக்கிறது.