ஷிகோக்கு நடைவழியில் துணை: சில கேள்விகளும் பதில்களும்

ஜப்பானின் ஷிகோக்குத் தீவைச் சுற்றி 88 கோயில்களை இணைக்கும், ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளமான பௌத்த யாத்திரை வழியை ஒரு தோழருடன் நடந்துவிட்டுத் திருகோணமலை திரும்பிய பின்னர் ஊரவர் கேட்டவை இவை.

நிலாவெளியிலிருந்து: நானும் என் மைத்துனரும் சேர்ந்து போக விரும்புகிறோம். அவர் வேகமாக நடப்பவர், நான் அப்படியல்ல. இது சரிவருமா?

சரிவரும். ஆனால் நாள் முழுவதும் ஒட்டியே நடக்கவேண்டும் என்ற எண்ணத்தைப் புறப்படுமுன்னரே விட்டுவிடுங்கள். அவ்வழியில் நடப்போரின் ஓலைத் தொப்பியில் 'தோக்யோ நினின்' என்று எழுதியிருக்கும். 'இருவராய்ச் செல்கிறோம்' என்பது அதன் பொருள். அந்த இரண்டாமவர் பக்கத்தில் வரும் நண்பரல்லர். 774 முதல் 835 வரை வாழ்ந்த, ஷிங்கொன் பௌத்தத்தை நிறுவிய கூக்காய் என்னும் கோபோ தைஷி. கையிலுள்ள ஊன்றுகோலே அவர் என்பது நம்பிக்கை. ஆகவே நீங்கள் இருவர் போனால் நால்வர் என்று கணக்கு. பிந்தி வருபவரும் தனியாள் அல்லர்.

இதை நாங்கள் 23ஆம் கோயிலுக்கும் 24ஆம் கோயிலுக்கும் இடைப்பட்ட 75 கிலோமீற்றர் அளவிலான கடலோர வழியில் பட்டுத்தான் அறிந்தோம். முதல் நாள் தோழரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் போய் எனக்கு முழங்கால் வீங்கியது. எனக்காக நின்று நின்று அவருக்குக் கோபம் ஏறியது. மறுநாள் காலையில் அன்றிரவு தங்கும் இடத்தை மட்டும் பேசி முடிவுசெய்துகொண்டு அவரவர் போக்கில் நடந்தோம். மாலையில் சந்தித்தபோது ஒருவருக்கொருவர் சொல்லப் புதிய கதைகளும் இருந்தன. 12ஆம் கோயிலான ஷோசான்ஜிக்கு ஏறும் செங்குத்தான மலைவழியில் மட்டும் பிரியாதீர்கள்.

தம்பலகாமத்திலிருந்து: கதிர்காமப் பாதயாத்திரை போனவருக்கு இது எளிதாக இருக்குமா?

கால்களுக்கு எளிதாகலாம். வெருகலில் தங்கி, வாகரை வழியாகப் போகும் நம் யாத்திரையில் கூட்டமே துணை. சமைப்பதும் பாடுவதும் சாமிமார் எல்லோரும் சேர்ந்துதான். அங்கே 40 முதல் 60 நாள்கள், பெரும்பகுதி தார் வீதியில், ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கவேண்டும். அதற்கான பொறுமை தனிப் பயிற்சி.

உப்புவெளியிலிருந்து: சைவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம், எவரும் சமயம் கேட்பதில்லை. மணியடித்து, மெழுகுதிரியும் ஊதுபத்தியும் ஏற்றி, பிரக்ஞா பாரமிதா இருதய சூத்திரத்தை ஓதுவது வழக்கம். ஓதத் தெரியாதவர் கைகூப்பி நின்றாலும் போதும். கூக்காய் 804இல் சீனா சென்று ஹுய்குவோவிடம் கற்றவர். அந்த ஹுய்குவோவின் குருவான அமோகவஜ்ரர் எட்டாம் நூற்றாண்டில் நமது இலங்கைக்கு வந்து நூல்களைத் தேடித் திரட்டிச் சென்றவர். நாம் அவ்வளவு அந்நியரல்லர் என்று எனக்குத் தோன்றியது.

மூதூரிலிருந்து: மரக்கறி உணவு கிடைக்குமா?

கோயில் விடுதிகள் சிலவற்றில் துறவியருக்குரிய மரக்கறி உணவு கிடைக்கும். வெளியே கவனம் தேவை: மீன் கண்ணில் படாத சூப்பிலும் நம் மாசிக் கருவாட்டைப் போன்ற ஒன்றைச் சீவிப் போட்டு எடுத்த சாறு இருக்கும்.

நகரிலிருந்து: வழியில் முன்பின் அறியாதவர்கள் எதையாவது கொடுத்தால் வாங்கலாமா?

வாங்கவேண்டும். 'ஒசெத்தாய்' எனப்படும் அக்கொடை நம் தண்ணீர்ப் பந்தலை ஒத்தது. யாத்திரிகருக்குக் கொடுப்பது தைஷிக்கே கொடுப்பதாகக் கருதப்படுவதால் மறுப்பது வழக்கமன்று. பதிலுக்கு உங்கள் பெயர் எழுதிய காகிதச் சீட்டைக் கொடுங்கள்.

மீண்டும் நிலாவெளியிலிருந்து: மைத்துனர் பாதியில் திரும்பிவிட்டால்?

அதில் குறையில்லை, வழியைப் பகுதி பகுதியாகப் பல ஆண்டுகளில் முடிப்பவர்கள் ஏராளம். நீங்கள் தொடருங்கள். பாலங்களின் மேல் மட்டும் ஊன்றுகோலைத் தட்டாமல் தூக்கிப்பிடியுங்கள்: தங்க இடமின்றித் தைஷி ஒரு பாலத்தின் கீழ் உறங்கியதாக ஐதீகம்.