பாஸ் இல்லாததுதான் சரி!

கேள்வி: சாய்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே இசைக்கு என்னிடம் இரண்டு சிடி இருக்கின்றன. ஒன்று, லண்டன் சிம்பனி இசைக்குழுவை வைத்து நடத்துநர் ஆன்டல் டொராட்டி 1962-இல் பதிவு செய்த முழு பாலே. ஆரம்பத்தில் பாஸ், அதாவது கனத்த கீழ்ஸ்தாயி ஒலி, துளிகூட இல்லை. பழைய பதிவு என்பதால் இருக்கலாம். இன்னொன்று, சமீபத்தில் வாங்கிய கிறிஸ்துமஸ் இசைத் தொகுப்பு. அதில் சர்க்கரைத் தேவதையின் நடனம் அறையே நிறையும்படி கேட்கிறது. குழந்தைகளுக்கான இசைதானே, கணீரென்று கேட்டால் போதாதா? இரண்டாவதே உயர்ந்த பதிவு என்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை. நீங்கள் குறை என்று சொல்வது நிறை, நிறை என்று சொல்வதுதான் குறை.

முதலில் பாஸ். அந்தத் தொடக்க இசையில் கீழ்ஸ்தாயி தந்திக் கருவிகளான செல்லோவுக்கும் டபுள் பாஸுக்கும் சாய்கோவ்ஸ்கி ஒரு சுரம்கூட எழுதவில்லை. வயலின், வயோலா, குழல்கள், கொம்புகள், நடுநடுவே ஒரு முக்கோண மணி, அவ்வளவுதான். திரை விலகப்போவது பொம்மைகளின் உலகத்தில் என்பதால், இசைக்குழுவின் அடித்தளத்தையே உருவிவிட்டு, காலே தரையில் படாத ஓர் ஓசையை உண்டாக்கினார். அங்கே பாஸ் கேட்டால்தான் உங்கள் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது சர்க்கரைத் தேவதை. அதில் மணிபோல ஒலிக்கும் செலஸ்டா என்ற கட்டைக் கருவியை (பியானோபோல விரலால் அழுத்தி வாசிப்பது) அவர் 1891-இல் பாரிஸில் பார்த்து மயங்கினார். சக இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளசுனோவும் முந்திக்கொள்வார்களோ என்று பயந்து, அதை யாருக்கும் தெரியாமல் வரவழைக்கும்படி தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். நீரூற்றில் துளிகள் தெறிப்பதுபோல் இசை வேண்டும் என்று நடன அமைப்பாளர் பெதிப்பா கேட்டிருந்தார். துளிகள்தான், அருவி அல்ல. செலஸ்டா சின்னக் குரல்காரி. அதன் வாயருகே மைக்கை வைத்துப் பெரிதாக்கினால் பியானோ அளவுக்கு ஊதிவிடும். அது சொல்லி முடிக்கிற இடத்தில் பாஸ் கிளாரினெட் என்ற கனத்த குரல் குழல் கீழே வழுக்கி இறங்கி ஒரு பதில் சொல்லும். உங்கள் தொகுப்பில் அந்தப் பதில் காதில் விழுகிறதா, பாருங்கள். கேள்வி மட்டும் கூவிவிட்டுப் பதிலை விழுங்கும் பதிவை எப்படி நல்ல பதிவு என்பது?

எனக்கு உண்மையான பரீட்சை வேறு இடத்தில் இருக்கிறது. நள்ளிரவு. கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது. விருந்தெல்லாம் முடிந்த கூடத்தில் கிறிஸ்துமஸ் மரம் வளர ஆரம்பிக்கிறது. பெதிப்பா இந்த இடத்துக்கு 48 பார் (தாளக் கட்டம்), வரவரப் பெருகும் இசை என்று அளந்தே கேட்டார். ஒரு சின்ன இசைத்துணுக்கு ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. நடத்துநர் பாதியிலேயே சத்தத்தை எல்லாம் செலவழித்துவிட்டால் மரம் பாதியில் நின்றுபோகும். மிச்சம் வைத்து, கடைசி அடியில்தான் கூரையைத் தொட வேண்டும். பதிவு செய்பவருக்கும் இங்கே பொறுப்பு உண்டு. மெல்லிய இடத்தைத் தூக்கி, உரத்த இடத்தை அமுக்கிச் சமமாக்கிவிட்டால், எத்தனை பெரிய இசைக்குழு வாசித்தாலும் மரம் வளராது. காரில் கேட்க வசதியாக இருக்கும், சரி. ஆனால் இந்தக் காட்சி செத்துவிடும்.

வேகத்தை வைத்தும் தீர்ப்பு எழுதாதீர்கள். ரஷ்ய நடத்துநர் கெர்கியேவ் 1998-இல் கிரோவ் இசைக்குழுவோடு முழு பாலேயையும் ஒரே சிடியில் அடக்கினார். ரஷ்ய நடனமான ட்ரெபாக்கில் அந்த ஓட்டம் எனக்குச் சிலிர்க்கிறது. பூக்களின் வால்ட்ஸில் மூச்சு வாங்குகிறது. டொராட்டி 1930-களில் பாலே குழுக்களுக்கு இசை நடத்திப் பழகியவர். துள்ளி எழும்பிய நடனக்காரி தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர் தாளத்தில் இருக்கிறது. இந்த முழு பாலேயையே மூன்று முறை பதிவு செய்தார். 1975-இல் ஆம்ஸ்டர்டாமில் செய்தது இன்னும் இதமானது என்பேன்.

'குழந்தைகளுக்கான இசைதானே' என்றீர்கள். அதைத்தான் என்னால் விட முடியவில்லை. இந்த பாலேயை எழுதிக்கொண்டிருந்தபோதுதான், அமெரிக்கப் பயணத்துக்கு முன், தங்கை அலெக்சாந்திரா இறந்த செய்தியை அவர் பாரிஸில் ஒரு செய்தித்தாளில் படித்தார். இரண்டாம் அங்கத்தில் தேவதையும் இளவரசனும் சேர்ந்து ஆடும் நடனம் வருகிறது. செல்லோக்கள் எடுக்கும் மெட்டு வெறும் அவரோகணம்: மேல் ஸட்ஜத்திலிருந்து ஸ நி த ப ம க ரி ஸ. எட்டே சுரம், ஒன்றைக்கூடத் தாண்டாமல் இறங்குகிறது. பின்னால் பித்தளைக் கருவிகள் அதையே முழங்கும்போது கொண்டாட்டமா அழுகையா என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. தங்கையை நினைத்துத்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதை இனிப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

இந்த நடனமும் மரக் காட்சியும் உங்கள் தொகுப்பில் இருக்க வாய்ப்பு குறைவு. பாலே மேடையேறியது 1892 டிசம்பரில். அதற்கு முன் மார்ச்சிலேயே கச்சேரிக்காக எட்டுப் பகுதிகளை அவரே கோத்துக் கொடுத்திருந்தார். இவை இரண்டும் அந்த எட்டில் சேரவில்லை. தொகுப்புக்காரர்கள் பெரும்பாலும் அந்த எட்டிலிருந்துதான் பொறுக்குகிறார்கள்.

ஆகவே 1962 சிடியை மறுபடி எடுங்கள். இரவில், வீடு அடங்கிய பிறகு, கடிகாரம் அடிக்கும் இடத்திலிருந்து போடுங்கள். ஆரம்பம் மெல்லியதாக இருக்கிறதே என்று ரிமோட்டைத் தேடாதீர்கள். மரம் முழுசாக வளர்ந்து முடிகிற வரைக்கும் வால்யூம் அப்படியே இருக்கட்டும்.