முதலீட்டு வங்கியில் இன்டர்ன்ஷிப் கிடைக்க யாரைப் பிடிக்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நியூயார்க் முதலீட்டு வங்கிகளில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் பெற யாரைப் பிடிக்க வேண்டும்? நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

பதில்:

‘பிடிக்க வேண்டும்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். என்னை ஓராண்டுக் காலம் கட்டிப்போட்டது அந்தச் சொல்தான். முன்பின் தெரியாதவரிடம் வேலை விஷயமாகப் பேசுவது என்றாலே நமக்கு அது சிபாரிசு கேட்பதாகத் தோன்றும். கூச்சத்தில் வாயைத் திறக்க மாட்டோம். திறந்தாலோ, எடுத்த எடுப்பிலேயே வேலையைக் கேட்டுவிடுவோம். நான் இரண்டையும் செய்தேன்.

நான் படித்தது மிட்வெஸ்ட் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். பெரிய வங்கிகள் ஆள் தேடி வரும் வளாகம் அல்ல. முதலில் வங்கிகளில் வேலை பார்க்கும் நாற்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன்: மூன்று நீளமான பத்திகள், இணைப்பில் சுயவிவரம், கடைசியில் ‘வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்’. ஒருவரும் பதில் போடவில்லை. இரவு ஒரு மணிக்கு அலுவலகத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கும் இளநிலை அனலிஸ்ட் அதைப் படித்து என்ன செய்ய முடியும்? எடுத்துக் கொடுக்க அவரிடம் வேலை இல்லை. ஆனால் தான் வந்த வழியைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருக்கிறது.

இது புரிந்த பிறகு, எங்கள் கல்லூரியில் படித்தவர்களை லிங்க்ட்இன்னில் தேடி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒன்று இப்படி இருந்தது: ‘வணக்கம். நீங்கள் படித்த அதே துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேதியியல் படித்த நீங்கள் மருத்துவத் துறை நிறுவனங்களுக்கான குழுவில் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் பேச இயலுமா? செவ்வாய், வியாழன் மாலைகளில் எந்த நேரமும் எனக்கு வசதி.’ அவ்வளவுதான். அவரைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி அதில் இருக்கிறது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள்.

பேசி முடித்ததும் அவர் சொன்னதைத் தேதியுடன் நோட்டில் எழுதிவையுங்கள். ‘கணக்கியல் வகுப்பை முன்னதாகவே எடுத்துவிடு’ என்று அவர் சொல்லியிருந்தால், எடுத்தபின் இரண்டு வரி எழுதித் தெரிவியுங்கள். விண்ணப்பம் திறக்கும்போது நீங்கள் கேட்காமலேயே ‘உன் சுயவிவரத்தை அனுப்பு, எங்கள் ஆட்சேர்ப்புக் குழுவிடம் சொல்கிறேன்’ என்று ஒருவர் எழுதுவார். எனக்கு எழுதியவர் அந்த வேதியியல்காரர்தான்.

காலத்தைக் குறித்து ஓர் எச்சரிக்கை. மூன்றாம் ஆண்டு முடிந்து வரும் கோடையில் செய்கிற பத்து வார இன்டர்ன்ஷிப்புக்கு, பல வங்கிகள் இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பம் வாங்கிவிடுகின்றன. கடைசித் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே எடுத்துப் பார்க்கும் வங்கிகள் உண்டு.

இனி நேர்காணல். நான் முதலில் தோற்ற இடத்தை அப்படியே சொல்கிறேன். ‘தேய்மானம் 10 டாலர் கூடினால் மூன்று நிதியறிக்கைகளிலும் என்ன மாறும்?’ எல்லோரும் எதிர்பார்க்கும் கேள்விதான். (தேய்மானம் என்பது இயந்திரம் போன்ற சொத்தின் விலையை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக எழுதுவது.) வரி 25 சதவீதம் என்று வைத்து ஒப்பித்தேன்: லாப நட்ட அறிக்கையில் நிகர லாபம் 7.50 குறையும், பணப்புழக்க அறிக்கையில் தேய்மானம் 10 திரும்பச் சேர்வதால் ரொக்கக் கையிருப்பு 2.50 கூடும், இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் 10 குறைந்து 2.50 கூடி, நிகரமாக 7.50 இறங்கும், மறுபக்கம் தக்கவைத்த லாபமும் 7.50 இறங்கும், இரண்டும் சமம். எதிரில் இருந்தவர் தலையசைத்துவிட்டு, ‘வரியே இல்லாத நாட்டில்?’ என்றார். எனக்கு வாய் எழவில்லை.

பதில் எளிது. லாபம் 10 குறையும். கையிருப்பில் ஒரு காசும் மாறாது. தேய்மானத்தால் கையிலிருந்து பணம் போவதில்லை. முதல் கணக்கில் கூடிய 2.50, மிச்சமான வரி மட்டுமே. விடை மனப்பாடமாக இருந்தது, காரணம் தெரியவில்லை. அவர்கள் சோதிப்பது காரணத்தைத்தான்.

அன்றிலிருந்து கேள்வித் தொகுப்புகளை மூடிவைத்துவிட்டு, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 10-கே ஆண்டறிக்கைகளை எடுத்து, ஒரே நிறுவனத்தின் மூன்று அறிக்கைகளையும் கையால் இணைத்துப் பார்த்தேன். ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிடக் கற்பதற்கு, சென்னையில் பிறந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் கல்லூரியில் கற்பிக்கும் அஸ்வத் தாமோதரன் தம் வகுப்புகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறார். பணம் கட்டும் பயிற்சிகளுக்கு முன் அவற்றைப் பாருங்கள்.

‘ஏன் இந்தத் துறை?’ என்ற கேள்விக்கு இரவல் பதில் வேண்டாம். என் அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் பாத்திரக் கடை. தீபாவளிச் சரக்குக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்து, பொங்கல் விற்பனை முடிந்து அடைப்பார். சரக்கு விற்ற நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் நடுவில் வீட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன். சூப்பர் டே எனப்படும் இறுதிச் சுற்றில், அடுத்தடுத்துப் பார்த்த நான்கு பேரில் இருவர் அந்தக் கடையைப் பற்றியே மேலும் கேட்டார்கள்.

நீங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் இன்னொன்று. ‘பின்னாளில் விசா ஸ்பான்சர் தேவைப்படுமா?’ என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். உண்மையையே எழுதுங்கள். எந்த வங்கி ஸ்பான்சர் செய்கிறது என்பதை வெளிநாட்டு மாணவர்களாக வந்து அங்கே வேலை பார்ப்பவர்களிடம் பேசும்போதே கேட்டுவிடலாம். ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்திருந்தால்தான் இன்டர்ன்ஷிப்புக்கான சிபிடி அனுமதி கிடைக்கும். அதை வழங்குவது உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம். வேலை உறுதியானதும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அனுமதி கைக்கு வராமல் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது.

இந்த வாரம் ஐந்து பேருக்கு எழுதுங்கள். அனுப்புமுன் ஒரு வரைவை இங்கே கருத்தில் போட்டால் திருத்தித் தருகிறேன்.