டிரைவர் பார்த்துக்கொண்டார்

அன்புள்ள அக்கா,

வணக்கம். குன்னூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ, ஹாஸ்டல் பள்ளி. லீவுக்கு வந்தவன் நண்பன் பிறந்தநாள் என்று ஒரு காட்டேஜுக்குப் போனான். என் கணவரின் ஜீப்பை அவன் எடுத்துக்கொண்டு போனது எங்களுக்குத் தெரியும். பக்கத்தில்தானே என்று விட்டுவிட்டோம். அங்கே பீர் குடித்திருக்கிறார்கள். விடியற்காலை மூன்றரை மணிக்குத் திரும்பும்போது, கேரட் பிடுங்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மேல் வண்டி மோதிவிட்டது. கால் எலும்பு முறிவு. கடவுள் புண்ணியத்தில் உயிருக்கு ஆபத்தில்லை. செலவெல்லாம் நாங்கள்தான் பார்க்கிறோம். ஸ்டேஷன் விஷயத்தை எங்கள் டிரைவர் பார்த்துக்கொண்டார்.

என் கேள்வி இதுதான். பிள்ளை செய்த தப்புக்குப் பெற்றவர்களை ஜெயிலில் போடச் சட்டம் இருக்கிறதாமே, அது நியாயமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளை எவ்வளவுதான் கண்காணிப்பது? நாங்கள் குடிக்காத குடும்பம். பள்ளிக்கும், கூட இருந்த நண்பர்களுக்கும், தெருவுக்குத் தெரு டாஸ்மாக் திறந்து வைத்திருக்கும் அரசாங்கத்துக்கும் பொறுப்பே இல்லையா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். மீதியைப் படித்து முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. அது எந்த வரி என்று அப்புறம் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் இங்கே போட்டிருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

முதலில் நீங்கள் கேட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 199ஏ பிரிவைத்தான் சொல்கிறீர்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது நடக்காமல் தடுக்க என்னால் ஆனதெல்லாம் செய்தேன் என்று பெற்றவர் நிரூபித்தால் தப்பலாம். நீங்கள் உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள், 'எங்களுக்குத் தெரியும்' என்று.

நியாயமா என்றால், நியாயம்தான். பிள்ளையின் மனதைக் காவல் காக்க யாராலும் முடியாது. சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. ஜீப் சாவி எந்த ஆணியில் தொங்கியது, அது கழன்று போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் யார் என்று மட்டும்தான் கேட்கிறது. பெரியவர்களுக்கே 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கவே கூடாது. அந்தக் காட்டேஜில் பீரை வாங்கி வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேளுங்கள். டாஸ்மாக் மேல் எனக்கும் கோபம் உண்டு, ஆனால் உங்கள் வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தது டாஸ்மாக் இல்லை. பள்ளியை விடுங்கள், பையன் லீவில் உங்கள் வீட்டில் இருந்தான். குடிக்காத குடும்பம் என்பது நல்ல விஷயம். கால் உடைந்தவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். 'ஸ்டேஷன் விஷயத்தை எங்கள் டிரைவர் பார்த்துக்கொண்டார்.'

என்ன பார்த்துக்கொண்டார்? மூன்றரை மணிக்கு அவர் எங்கே இருந்தார்? தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். நீங்கள் போன் செய்து எழுப்பியிருப்பீர்கள். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2024 மே 19 அன்று புனே கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார், பைக்கில் வந்த இரண்டு இளம் இன்ஜினியர்களை அடித்துக் கொன்றது. சில மணி நேரத்தில் ஜாமீன். சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்றது சிறார் நீதி வாரியம். நாடே அந்த 300 வார்த்தையைப் பற்றிப் பேசியது. என் மனதில் தங்கியது அப்புறம் வந்த செய்திதான். வீட்டு டிரைவரை மடக்கி, நீதான் ஓட்டினாய் என்று சொல்லச் சொல்லி அப்பாவும் தாத்தாவும் மிரட்டினார்கள் என்று போலீஸ் வழக்குப் போட்டது. மதுப் பரிசோதனையில் பையனின் ரத்தத்துக்குப் பதிலாக அம்மாவின் ரத்தத்தை வைத்தார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

என் அப்பாவும் டிரைவர்தான்.

1964ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. மண்டபம் முகாமில் இறங்கி, கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு நீலகிரிக்கு வந்தவர்கள். கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் அப்பாவுக்கு வேலை. பகலில் தேயிலைக் கொழுந்து லாரி, தேவைப்பட்டால் எஸ்டேட் துரையின் ஜீப். மலை ரோட்டில் வண்டி ஓட்டுவதைப் பற்றி அப்பா சொல்வது இரண்டுதான். ஏறுகிற வண்டிக்கு வழி விடு. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு.

1981 ஜனவரி, உறைபனிக் காலம். துரையின் மகன் பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தான், 17 வயது. ஒரு ராத்திரி எங்கேயோ குடித்துவிட்டு ஜீப்பை ஓட்டி வந்தவன், பேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து டார்ச் அடித்துக்கொண்டு நடந்து வந்த ஒருவரை இடித்துவிட்டான். கோத்தகிரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

விடிவதற்கு முன்னால் துரை, தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் லயத்தின் வாசல்படி ஏறியதே கிடையாது. குனிந்து உள்ளே வந்து, பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். எனக்கு 9 வயது. கம்பளிக்குள் முழித்துக்கொண்டு கிடந்தேன். "நீ ஒத்துக்கிட்டா ஆறு மாசம். என் பையன் ஒத்துக்கிட்டா அவன் வாழ்க்கையே போயிரும்" என்றார். அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் "பிள்ளைங்க படிப்பு துரை" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஆறு மாதம் கோயம்புத்தூர் ஜெயில். வெளியே வந்த அன்று அம்மாவும் நானும் போய்க் கூட்டி வந்தோம். மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறி, எனக்கு ஜன்னலோரம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குஞ்சப்பனை தாண்டி ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவருடைய வலது கால் பஸ்ஸின் தகரத் தரையை அழுத்தியது. வளைவு முடிந்ததும் காலை எடுப்பார். அடுத்த வளைவில் மறுபடியும். லைசென்ஸ் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எடுத்துத் தோட்டத்தில் இறங்கினார்.

லயத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். பிள்ளைகளுக்குச் சொன்னது போலீஸ் எழுதியதைத்தான். இறந்தவரின் மகள் என் வகுப்பு, என் பெஞ்சு. ஒரு நாள் மணி அடிப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "உங்கப்பா ஏன் லைட்டு போடாம வந்தாரு?" என்று கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அன்றைக்குப் பதில் சொல்லாமல் ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. இன்றைக்கு வரைக்கும் அவளை நான் பார்க்கவில்லை.

துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காலேஜ் வரைக்கும் என் பீஸ் தவறாமல் வந்தது. இந்தக் கடிதத்தை எழுதுகிற எழுத்து அந்தப் பணத்தில் கற்றது. அதனால் உங்களைத் திட்ட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கூட யோசித்தேன். இருக்கிறது என்றே முடிவு செய்தேன்.

2006ல் அப்பா இறந்தபோது அந்தப் பையன் வந்தான். பையன் என்கிறேன், 42 வயது ஆகியிருந்தது. வேலி ஓரத்தில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றிருந்தான். நான் போய்க் கூப்பிட்டேன். "அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். உண்மையிலேயே ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பதிலைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். 25 வருடமாக யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறான். சட்டப்படி அவன் ஒன்றுமே செய்யவில்லை. செய்யாததற்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

தங்கச்சி, உங்கள் மகனுக்கு நீங்கள் இருவரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஜெயிலிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அவன் செய்ததை அவனிடமிருந்து பிடுங்கி இன்னொருவர் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அவன் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறானா? அதை நீங்கள் எழுதவில்லை.

மனுநீதிச் சோழன் கதை உங்களுக்கும் தெரியும். இளவரசன் தேரில் கன்று அடிபட்டது, பசு மணியை அடித்தது, அரசன் மகனைத் தேர்க்காலில் இட்டான். நாம் பள்ளியில் படித்தது அவ்வளவுதான். சேக்கிழார் சொல்லும் கதையில் நடுவே ஒரு மந்திரி வருகிறார். கன்றைக் கொன்றதற்குக் கழுவாய், அதாவது பரிகாரம், செய்துவிட்டால் போதும் என்று மந்திரிகள் முதலில் யோசனை சொல்கிறார்கள். செலவெல்லாம் நாங்கள் பார்க்கிறோம் என்று நீங்கள் எழுதியது போலத்தான். அதனால் அந்தத் தாய்ப்பசுவின் துயரம் தீருமா என்கிறான் அரசன். அப்புறம் தேரை மகன் மேல் ஓட்டும்படி ஒரு மந்திரிக்குக் கட்டளை இடுகிறான். அவரால் அது முடியாமல் தன் உயிரையே விட்டுவிடுகிறார். அதற்கப்புறம்தான் அரசன் தானே தேர் ஏறுகிறான். அவ்வளவு பெரிய நீதிமானின் வீட்டு விஷயத்திலும், முதலில் போனது சம்பளத்துக்கு இருந்தவரின் உயிர். சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டார். என் அப்பாவுக்கு யாரும் வரவில்லை.

நீங்கள் ஒரு தாய் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2013ல் அமெரிக்காவின் டெக்சாஸில் 16 வயதுப் பணக்காரப் பையன் ஒருவன் குடித்துவிட்டு ஓட்டி நான்கு பேரைக் கொன்றான். வசதியில் வளர்ந்ததால் செய்தால் என்ன ஆகும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை என்று அவன் தரப்பு உளவியலாளர் கோர்ட்டில் சொன்னார். சிறை இல்லை, பத்து வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அதையும் மீறினான். 2015 கடைசியில் அவனைக் கூட்டிக்கொண்டு மெக்சிகோவுக்கு ஓடியது அவன் அம்மா. பாசம்தான். அந்தப் பாசத்தில் ஓடித்தான் இரண்டு பேரும் பிடிபட்டார்கள்.

இப்போது என்ன செய்வது? குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். உங்கள் டிரைவர் அதில் மாட்டுவார், அனுப்பிய உங்கள் கணவரும் மாட்டுவார். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி உங்களிடமிருந்தே பணத்தை வசூலிக்கப் பார்க்கும், அதற்காகவும்தான் ஆளை மாற்றினீர்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல வக்கீலைப் பாருங்கள், அது தப்பே இல்லை. டிரைவருக்குத் தனியாக இன்னொரு வக்கீல், உங்கள் வக்கீலுக்கு வேண்டப்பட்டவராக இல்லாத ஒருவர். பீஸ் உங்களுடையது. பையனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். கணவர் வரமாட்டேன் என்றால் நீங்களும் அவனும் போங்கள். அங்கே அவன் வாயால் அவன் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கால் உடைந்தவருக்குக் கேரட் சீசனில் ஒரு நாள் கூலி எவ்வளவு, எத்தனை மாதம் நிற்க முடியாது என்று அவரிடமே கேளுங்கள்.

கடிதம் முழுக்க உங்கள் மகன் பெயர் ஏழு இடத்தில் வருகிறது. இங்கே போடும்போது நான்தான் எடுத்தேன். கால் உடைந்தவர் பெயர் ஓரிடத்தில் கூட இல்லை. டிரைவர் பெயரும் இல்லை. அடுத்த முறை எழுதும்போது அந்த இரண்டு பெயரையும் எனக்கு எழுதுங்கள். வெளியிட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா