மறு அச்சும் புளியும்

அன்புள்ள ஐயா,

பாஸ்டனில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் கடையில், 1776இல் பாஸ்டன் மீட்கப்பட்டதற்காக வாஷிங்டனுக்கு அளிக்கப்பட்ட பதக்கத்தின் செம்புப் பிரதி கிடைத்தது. கறுத்திருந்ததால் புளி போட்டுத் துலக்கினேன். விளிம்பில் சுட்டும் கை ஒன்றும் ‘குயிவ்ர்’ என்ற சொல்லும் இருக்கின்றன. இது போலி என்கிறார் நண்பர். ஏமாந்துவிட்டேனா? அயலாரின் போர்ப் பதக்கங்களை நாம் சேர்ப்பது பொருத்தமா?

முரளி

அன்புள்ள முரளி,

ஏமாறவில்லை. சுட்டும் கை, பாரிஸ் நாணயச் சாலை 1845 முதல் 1860 வரை இட்ட முத்திரை. அருகிலுள்ள சொல், உலோகம் செம்பு என்கிறது. உங்களிடம் இருப்பது மறு அச்சு, அதாவது நாணயச் சாலையே பின்னாளில் மீண்டும் அடித்த பதக்கம். பொருத்தம் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். அந்தப் பதக்கத்தைச் செதுக்கிய துவிவியேவே பிரெஞ்சுக்காரர்தான்.

மறு அச்சு என்றதும் முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்களைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டு வெளியேறிய எட்டாம் நாள், 1776 மார்ச் 25 அன்று, அமெரிக்கக் காங்கிரஸ் இந்தப் பதக்கத்தை அறிவித்தது. தங்கப் பதக்கம் வாஷிங்டன் கைக்கு வந்ததோ 1790இல், போர் முடிந்து அவர் குடியரசுத் தலைவராகிவிட்ட பிறகு. முகத்தைக்கூட சிற்பி ஊதோன் வடித்த மார்புச் சிலையைப் பார்த்தே செதுக்கினார்கள். அப்படியிருக்க, ‘முதல் அச்சு’ மட்டும் போர்க்களத்திலிருந்து நேரே வந்ததுபோல ஏன் இந்தப் பரவசம்?

அதே அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி டேனியல் மோர்கனின் பதக்கத்தைப் பாருங்கள். 1781இல் கௌபென்ஸில் அவர் பெற்ற வெற்றிக்காக துப்ரே செதுக்கியது அது. 1818இல் பிட்ஸ்பர்க் வங்கி ஒன்றிலிருந்து களவு போயிற்று. பேரன் காங்கிரஸிடம் முறையிட, 1836இல் ஒப்புதல் கிடைத்து, பார் என்ற செதுக்குநர் புதிய அச்சு வெட்ட, 1839இல் பாரிஸில் மீண்டும் தங்கத்தில் அடித்தார்கள். செதுக்கியவர் வேறு, அச்சு வேறு, வென்றவரோ இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இரண்டாம் பதக்கம் 2022இல் 9,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அதுவும் போலியா என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.

உங்கள் ஆர்வம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் கோபமும் வருகிறது. பதக்கம் என்ன வெள்ளிக்கிழமை விளக்கா, புளி போட்டுத் துலக்க? அந்தப் பழுப்பு முழுவதும் அழுக்கு அல்ல; அடித்து முடித்தபின் நாணயச் சாலையே ஏற்றிய நிறம் அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அதை ஒரே பிற்பகலில் புளியின் அமிலத்துக்குத் தின்னக் கொடுத்திருக்கிறீர்கள். மீண்டும் நிறமேற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடமும் கொடுக்காதீர்கள். விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள். ஈரம் படாமல் வையுங்கள். இனி அதன்மேல் எதையும் தேய்க்காதீர்கள்.