காதல் கதையில் நாய்க்கு என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

பெண்களை மையமாகக் கொண்ட காதல் நாவல்களைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். அவற்றில் பலவற்றில் நாயகி ஒரு நாய் வளர்க்கிறாள். அது எவனைக் கண்டு வாலாட்டுகிறதோ அவன் நல்லவன், எவனைக் கண்டு உறுமுகிறதோ அவன் அயோக்கியன். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒரு பெண்ணைப் பற்றி நானும் ஒரு காதல் கதை எழுதி வருகிறேன். அதில் ஒரு நாயைச் சேர்க்க ஆசை. அது மேலைநாட்டு வழக்கம், நம் கதையில் ஒட்டாது என்கிறார்கள் தோழிகள். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., தக்கலை

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நாய் நம் காதல் இலக்கியத்துக்குப் புதிதல்ல. அகநானூற்றின் 122ஆம் பாடலில், இரவில் காதலனைச் சந்திக்கத் தவிக்கும் தலைவிக்கு எத்தனை தடைகள் என்று பரணர் அடுக்கிக்கொண்டே போகிறார். ஊர் உறங்கினால் தாய் உறங்குவதில்லை; தாய் உறங்கினால் காவலர்கள் சுற்றி வருகிறார்கள்; அவர்களும் கண்ணயர்ந்தால், வலப்புறம் சுருண்ட வாலும் கூரிய பற்களும் கொண்ட நாய் குரைக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த நாய்க்கு இவளுடைய காதலைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது. தாங்கள் குறிப்பிடும் நாவல்களின் நாயைவிட அது எனக்கு உயிருள்ளதாகத் தோன்றுகிறது.

வாலாட்டி நற்சான்று வழங்கும் நாயை நான் ஏற்காததற்குக் காரணம், நாயகி செய்யவேண்டிய வேலையை அது பறித்துக்கொள்கிறது என்பதே. ஒருவனோடு பழகி, சந்தேகித்து, தவறாகவே கணித்தாலும் தானே கணிக்கும் உரிமை அவளுக்கு வேண்டும். 1847இல் வெளிவந்த எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில், இசபெல்லா தான் காதலிக்கும் ஹீத்கிளிஃபோடு வீட்டைவிட்டு வெளியேறும் இரவில், அவன் அவள் கண்ணெதிரிலேயே அவளுடைய சின்ன நாயைத் தூக்கில் தொங்கவிடுகிறான். அதைப் பார்த்த பின்னும் அவள் அவனோடு போகிறாள். முடிவும் அவளுடையது, அதன் கொடிய விளைவும் அவளுடையது.

இதற்கு மறுபுறத்தைக் கவிஞர் எலிசபெத் பாரெட்டின் வாழ்க்கையில் காணலாம். நோயாளியாக லண்டன் வீட்டின் ஓர் அறைக்குள் பல ஆண்டுகள் கிடந்த அவருக்குத் துணையாக இருந்தது ஃப்ளஷ் என்ற ஸ்பானியல் நாய். அவரைத் தேடி வந்த காதலர், கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கை அது இருமுறை கடித்தது. கடிபட்டவரோ அவரை உண்மையாகவே நேசித்தவர். 1846 செப்டம்பரில் நாய்த்திருடர்கள் ஃப்ளஷை மூன்றாம் முறையாகக் கடத்திச் சென்று பணம் கேட்டபோது, திருடர்களுக்குப் பணியக்கூடாது என்று பிரௌனிங் கொள்கை பேசினார். எலிசபெத் இணங்கவில்லை. காதலனோடு கடிதத்தில் வாதாடிவிட்டு, பணிப்பெண்ணை அழைத்துக்கொண்டு, திருடர்கள் வாழ்ந்த சேரிக்கே வண்டியேறிப் போனார். நாய் பணத்துக்கு மீண்டது. அடுத்த சில நாட்களில், செப்டம்பர் 12 அன்று, தந்தைக்குத் தெரியாமல் அதே பிரௌனிங்கை மணந்தார். காதலனை எதிர்த்து நிற்கவும் அவனையே மணக்கவும் தெரிந்த ஒரு பெண்ணை அந்த நாயின் பொருட்டு நாம் பார்க்கிறோம். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1933இல் அந்த நாயின் வாழ்க்கை வரலாறாகவே ஒரு நூல் எழுதியதில் வியப்பில்லை.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் பால்வெட்டு விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் மரப்பட்டையில் மட்டும் விழுகிறது. கத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்படும் என்பதால் அவளால் கண்ணை எடுக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் இருட்டில் அசைவதையெல்லாம் அவளுக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது நாய்தான். அங்கே ஒருவன் வந்தால் அது குரைக்கும். நல்லவன் வந்தாலும் குரைக்கும். அவள் அதை அதட்டி அடக்குகிறாளா, குரைக்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்கிறாளா என்பதை எழுதுங்கள். எந்த நாளில் முதன்முறையாக அடக்குகிறாள் என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். எலிசபெத் தன் நாயை இத்தாலிக்கு உடன் கொண்டுபோனார். உங்கள் நாயகி புகுந்த வீட்டுக்குப் போகும்போது இந்த நாய் எங்கே போகும்? மரச்சீனியும் சாளைத் தலையும் பிசைந்து அதற்கு யார் வைப்பார்கள்? அந்தப் பேச்சை அவனே எடுக்கிறானா, அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறதா? நாவல்கள் பொதுவாகக் கல்யாணத்தோடு நாயை மறந்துவிடுகின்றன. நீங்கள் அந்த அத்தியாயத்தை எழுதினால் எனக்கு அனுப்புங்கள், ஆவலோடு வாசிப்பேன்.