அப்பாவுக்குக் கண்புரை: டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 69 வயது. ஒரு வருடமாகவே பார்வை மங்கலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காகச் சோதித்தவர், இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, கண் மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து அப்பாயின்ட்மென்ட். ஆனால் இப்போது அப்பா கண்ணாடி இல்லாமலேயே பேப்பர் படிக்கிறார். "கண்ணு தானாவே தேறி வருது, டாக்டர் எதுக்கு?" என்கிறார். உறவினர்களோ புரை நன்றாக முற்றட்டும் என்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பிரஸ்டேட் மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். எந்த டாக்டரிடம் போனாலும் "பரவாயில்லை" என்பதைத் தவிர எதுவும் சொல்ல மாட்டார். நான்தான் கூடப் போகப்போகிறேன். எப்படித் தயாராவது?
– ஒரு வாசகி

பதில்:

அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம். கண் தேறி வருகிறது என்று உங்கள் அப்பா எதைச் சொல்கிறாரோ, அதுவே கண்புரையின் அடையாளமாக இருக்கலாம்.

கண்மணிக்குப் பின்னால் இருக்கும் இயற்கை லென்ஸ் வயதாக ஆகக் கெட்டிப்பட்டு மங்குவதைத்தான் கண்புரை என்கிறோம். லென்ஸின் நடுப்பகுதி அடர்த்தியாகும்போது அது ஒளியை முன்பைவிட அதிகமாக வளைக்கும். கண் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப்பார்வைக் கண்ணாக மாறும். வெள்ளெழுத்துக்காக இத்தனை வருடம் கண்ணாடி போட்டவருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே எழுத்து தெரிய ஆரம்பிக்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். அதே சமயம் தூரப்பார்வை இறங்கியிருக்கும். புரை இன்னும் அடர்ந்தால் இந்தக் கிட்டப்பார்வையும் மங்கிவிடும். சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போதும் கண்ணாடிப் பவர் மாறுவதுண்டு. உங்கள் அப்பாவுக்கு எது நடக்கிறது என்பதைக் கண்ணைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அதனால் அவரோடு வாதாடாமல், "கிட்டத்துல நல்லாத் தெரிய ஆரம்பிச்சதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்ப்பா, அவருக்கு அது முக்கியம்" என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். அது முழுக்க உண்மையும்கூட.

'முற்றட்டும்' என்ற பேச்சு ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. அப்போது கண்ணில் பெரிய வெட்டுப் போட்டு லென்ஸை மொத்தமாக எடுப்பார்கள். முற்றிய லென்ஸ்தான் சுலபமாகப் பிரிந்து வரும். உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கும் வழக்கம் பரவாத நாளில், ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் தடித்த கண்ணாடி போட வேண்டியிருந்தது. பார்வை மிகவும் மோசமான பிறகுதான் அந்தச் சிரமத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது. 1949-ல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். 1967-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்துச் சிறு துளை வழியே உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பரவலாகச் செய்யப்படுவது அதுதான், வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும். இந்த முறையில் லென்ஸ் கல்லாகிப்போனால்தான் கஷ்டம். உடைக்க அதிகச் சக்தி செலுத்த வேண்டும், கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் கருவிழியின் (கார்னியா) உட்புறச் செல்களுக்கு அது நல்லதல்ல. மிகவும் முற்றிய புரை வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தத்தை ஏற்றிவிடுவதும் உண்டு.

அதற்காக, புரை இருக்கிறது என்று யாரோ சொன்னதுமே ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதும் இல்லை. பெரும்பாலும் இது நிதானமாக முடிவு செய்யக்கூடிய விஷயம். எப்போது செய்வது என்பதை, அந்தப் புரை ஒருவருடைய அன்றாட வாழ்க்கையை எவ்வளவு தடுக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. கண்ணை அளக்க டாக்டரிடம் கருவிகள் இருக்கின்றன. உங்கள் அப்பாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை அளக்க எந்தக் கருவியும் கிடையாது. நீங்கள் தயாரிக்க வேண்டியது அந்தத் தகவலைத்தான்.

'பரவாயில்லை' என்று சொல்பவரிடம் "நல்லாத் தெரியுதாப்பா?" என்று கேட்டால் பதில் என்னவென்று உங்களுக்கே தெரியும். கேட்பதைக் குறைத்து இந்த இரண்டு வாரமும் கவனியுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டாரா? எதிரே வரும் வண்டியின் விளக்கு பூதாகாரமாக விரிந்து கண்ணைக் கூசுகிறதா? கடைசிப் படியில் காலால் துழாவுகிறாரா? டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துக்கொள்கிறாரா? தெரிந்தவர்களை முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்து அடையாளம் காண்கிறாரா? கருநீலச் சட்டையையும் கறுப்புச் சட்டையையும் குழப்பிக்கொள்கிறாரா? புரை வந்த லென்ஸ் மஞ்சளாகி, நிறங்களை மங்கவைக்கும். அது மெதுவாக நடப்பதால் அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறதா, ஒரு கண்ணால் பார்க்கும்போதே விளக்கு இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். மாத்திரை அட்டையில் பெயரை மாற்றிப் படித்தார், படியில் தடுக்கினார் என்று ஏதாவது நடந்திருந்தால் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். டாக்டர் அறையில் அப்பா முதலில் பேசட்டும், விட்டுப்போனதை நீங்கள் சேர்த்துச் சொன்னால் போதும். அவர் முன்னாலேயே அவரைப் பற்றிக் குற்றச்சாட்டு வாசிப்பது போல ஆகிவிடக் கூடாது.

இன்னொரு பேச்சையும் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. ஆபரேஷன் என்று முடிவானால் எந்த லென்ஸ் வைப்பது என்ற கேள்வி வரும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சாதாரணமாக வைக்கப்படும் மோனோஃபோகல் லென்ஸ் ஒரே ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும். பெரும்பாலும் தூரப்பார்வைக்காக வைப்பார்கள், அப்போது படிக்கக் கண்ணாடி தேவைப்படும். மல்டிஃபோகல் லென்ஸ் தூரம், கிட்டம் இரண்டையும் பங்கிட்டுக் கொடுக்கும், கண்ணாடியின் தேவை குறையும். ஆனால் ஒளியைப் பிரிப்பதால் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கிய வெளிச்சத்தில் துல்லியம் குறையும். விழித்திரையில் பாதிப்போ கண் அழுத்த நோயோ இருப்பவர்களுக்குப் பொதுவாக அதைச் சிபாரிசு செய்வதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், விழித்திரையைப் பார்த்து முடிக்கும் முன்னால் யாரும் மல்டிஃபோகல் பற்றி ஆசை காட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள். கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாதவர்களுக்கு அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் உண்டு. விலை கூடிய லென்ஸ் எல்லோருக்கும் கூடுதல் பார்வை தரும் என்பது சரியல்ல. அவருடைய கண்ணுக்கும் பழக்கத்துக்கும் பொருந்துவதுதான் நல்ல லென்ஸ்.

அதனால் அவரிடம் இதைக் கேளுங்கள்: கண்ணாடி இல்லாமல் எது தெரிய வேண்டும் என்று ஆசை? பேப்பரா, ஒரு கை தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரா, வண்டி ஓட்டும்போது சாலையா? எதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதில் அவருக்குச் சங்கடமில்லை? உங்கள் அப்பாவுக்கு இது மிகவும் முக்கியம். இப்போது கண்ணாடி இல்லாமல் படிப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தூரத்துக்கான லென்ஸ் வைத்தால் அது போய்விடும். முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால், ஆபரேஷன் நன்றாக முடிந்தும் "முன்னாடி படிச்சேன், இப்போ படிக்க முடியலையே" என்று மனம் உடைந்துபோவார். கிட்டத்துக்கே லென்ஸை அமைத்துக்கொண்டு தூரத்துக்குக் கண்ணாடி போடுவதும், ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைப்பதும் சிலருக்கு ஒத்துவரும். இவை அவருக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். பெயர்களை எழுதிக்கொண்டு போவதைவிட, அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பிரஸ்டேட் மாத்திரையைப் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அதில் டாம்சுலோசின் அல்லது அந்த வகை மருந்து இருந்தால், கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை தொளதொளத்து, ஆபரேஷன் நடுவிலேயே கண்மணி சுருங்கிவிடக்கூடும். மருத்துவ உலகம் இதை 2005-ல்தான் விவரித்து எழுதியது. முன்பே தெரிந்தால் சர்ஜன் அதற்கான மருந்தோடும் கருவியோடும் தயாராக இருப்பார். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினாலும் அந்தப் பாதிப்பு போய்விடும் என்று நம்ப முடியாது. எப்போதோ சாப்பிட்டு விட்டுவிட்டவர்களும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போல ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள் சாப்பிடுகிறாரென்றால் அவற்றையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. புரை ஆபரேஷனுக்குப் பல நேரங்களில் அவற்றை நிறுத்தாமலே செய்வார்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ இன்ஹேலரோ பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள், புரைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். மருந்து ஒவ்வாமை, கண்ணில் பழைய அடி, கண்ணாடியைத் தவிர்க்க முன்பு செய்த லேசர் சிகிச்சை எதையும் விடாதீர்கள். லேசர் செய்த கண்ணில் லென்ஸ் பவரைக் கணக்கிடும் விதமே வேறு. பழைய கண்ணாடிச் சீட்டுகள், கடைசியாக எடுத்த ரத்தச் சர்க்கரை அறிக்கை, மூன்று மாதச் சராசரி உட்பட, கையில் இருக்கட்டும். இதைப் படிக்கிறவர்களில் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இருந்தால், அளவெடுக்கும் முன் எத்தனை நாள் அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அது கருவிழியின் வடிவத்தை மாற்றி அளவைத் தப்பாக்கிவிடும்.

அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். விரிய அரைமணி நேரம் வரை ஆகும், பழைய நிலைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். அதுவரை கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். அப்பா வண்டி ஓட்டக் கூடாது. ஒரு கறுப்புக் கண்ணாடியும், இப்போது பயன்படுத்தும் எல்லாக் கண்ணாடிகளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் நிறையக் கேள்வி கேட்க வேண்டாம், சரியானதைக் கேட்டால் போதும். என்னைக் கேட்டால் முதல் கேள்வி இது: "மங்கலுக்குப் புரை மட்டும்தான் காரணமா? எடுத்துவிட்டால் எவ்வளவு பார்வை திரும்பும்?" விழித்திரையிலோ கண் நரம்பிலோ குறை இருந்தால், புரையை எடுத்த பிறகும் அது அப்படியே இருக்கும். சர்க்கரை உள்ளவருக்கு இந்தப் பதில் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். அடுத்து, "ஆறு மாதம் காத்திருந்தால் என்ன ஆகும்?" இதற்கு வரும் பதிலில் அவசரம் எவ்வளவு என்பது விளங்கிவிடும். அப்புறம் எந்த லென்ஸ், ஏன் அது, யார் ஆபரேஷன் செய்வார், என்னென்ன சிக்கல் வரலாம், மொத்தச் செலவில் எதெல்லாம் அடங்கும், இரண்டாவது கண்ணை எப்போது செய்வார்கள் என்று கேளுங்கள். முதல் கண் முடிந்து இரண்டாவது முடியும் வரை இரண்டு கண்ணின் பவரும் வேறுபட்டுத் தலை சுற்றலாம், அதற்கு என்ன செய்வது என்றும் கேட்டு வையுங்கள்.

அப்பாவுக்கு இருமல், முதுகுவலி, காது மந்தம், முகத்தை மூடினால் மூச்சுமுட்டும் பயம் என்று ஏதாவது இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்து, விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்கிறார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், டாக்டர் சொல்வது காதில் விழ வேண்டும். பிறகு சில வாரம் சொட்டு மருந்து விட யார் இருப்பார்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை.

இந்த இரண்டு வாரத்துக்குள் திடீரென்று பார்வை போனாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, மின்னல் போல ஒளி வெட்டினாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைத்தாலோ அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

லென்ஸை அன்றே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். கிளம்பும் முன் அளவெடுத்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதென்றால் அது உதவும்.